ராடிசோனின் வளர்ப்புத் தாய்

பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுத் தோல் வணிகரும் பயணியுமான பியேர் எஸ்ப்ரி ராடிசோனை முதலில் கதைநாயகனாக்கியவர் ராடிசோனேதான். 1668இல் ஹட்சன் விரிகுடாவுக்குப் புறப்பட்ட 'ஈக்லெட்' கப்பல் புயலில் சேதமடைந்து அவரோடு இங்கிலாந்துக்கே திரும்பியது. பீவர் தோல் வணிகத்துக்கு அரசர் இரண்டாம் சார்லஸின் ஆதரவும் லண்டன் செல்வந்தர்களின் பணமும் வேண்டியிருந்த நேரம் அது. காத்திருந்த காலத்தில் தன் பயணங்களை ஆங்கிலத்தில் எழுதினார். தரைவழியாகவே அந்த வடகடல் விரிகுடாவை எட்டியதாக அதில் அவர் சொல்வதை வரலாற்றாளர் பலர் ஏற்பதில்லை. அந்தப் பயணத்துக்குக் காலக்கணக்கு இடம்தரவில்லை. 1670இல் இந்த வணிகத்துக்கான ஹட்சன் விரிகுடா நிறுவனம் பட்டயம் பெற்றது. கையெழுத்துப் படியோ 1885இல்தான் அச்சேறியது.

அந்த நூலின் உயிர், நிறுவனம் பிறப்பதற்கு வெகுகாலம் முந்திய பக்கங்களில் இருக்கிறது. த்ருவா-ரிவியேர் என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்திலிருந்து பறவை வேட்டைக்குப் போன பதின்பருவத்துப் பையன் மொஹாக் பழங்குடியினரிடம் சிக்குகிறான். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அவனைத் தத்தெடுக்கிறாள். அவளும் ஒருகாலத்தில் சிறைபிடிக்கப்பட்டு வந்த ஹூரான் இனப் பெண். பிறகு, வேட்டைக்கு உடன் வந்த மூன்று மொஹாக்குகளை, ஓர் அல்கோன்கின் இனத்தவரோடு சேர்ந்து தூக்கத்திலேயே கொன்றுவிட்டு ஓடுகிறான், பிடிபட்டு வதைபடுகிறான். அப்போதும் அவனுக்காக மன்றாடி, பரிசுகள் கொடுத்து மீட்பது அதே வளர்ப்புக் குடும்பம்தான். 1653இல் அவர்களையும் விட்டு டச்சுக்காரரின் ஆரஞ்சு கோட்டைக்குத் தப்பிச் செல்கிறான். புனைவுக்கு இதைவிட அடர்த்தியான நிலம் வேறென்ன வேண்டும்?

ஆனால் பிற்காலப் புனைவுகளைக் கோட்டைகளும் கப்பல்களுமே அதிகம் ஈர்த்தன. ஆக்னஸ் லாட் 1902இல் எழுதிய 'ஹெரல்ட்ஸ் ஆஃப் எம்பயர்' நாவலில் ராம்சே ஸ்டான்ஹோப் என்ற உதவியாளன் கதை சொல்கிறான். அவன் கண்ணில் ராடிசோன் பேரரசின் முன்னோடி. பால் முனி நடித்த 1941ஆம் ஆண்டுப் படத்துக்கு 'ஹட்சன்ஸ் பே' என்றே பெயர். 1957இல் கனடியத் தொலைக்காட்சி பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எடுத்த தொடர், அமெரிக்கத் தொலைக்காட்சி நாயகன் டேவி கிராக்கெட்டுக்குப் போட்டியாகச் சிறுவர்களுக்கு ஒரு நாயகனைத் தந்தது; அதற்குமேல் அதில் தேட ஒன்றுமில்லை.

திருப்பம் மார்ட்டின் ஃபூர்னியேயிடம் வருகிறது. வரலாற்றாளரான அவர் ராடிசோனைப் பற்றி இளையோருக்கு எழுதிய நாவல் வரிசையின் முதல் பாகம் 2011இல் கனடாவின் தலைமை ஆளுநர் இலக்கிய விருதைப் பெற்றது. தத்தெடுப்பைக் கதையின் நடுவில் வைத்து, எதிரியின் வீடு ஒருவனுக்குச் சொந்த வீடாக மாறுவதைப் பொறுமையாகக் காட்டுகிறார். எனக்கு இது முந்தையவை எல்லாவற்றையும்விட நேர்மையான ராடிசோனாகப் படுகிறது. ஆனாலும் பார்வை பையனுடையதுதான்.

அவனை ஏற்ற வீட்டின் பார்வை எப்படி இருந்திருக்கும்? ஜோசப் பாய்டனின் 'தி ஒரெண்டா' (2013) ராடிசோனைப் பற்றியதல்ல. ஆனால் அதில் ஹூரான்கள் தத்தெடுத்த, மொஹாக்குகளையும் உள்ளடக்கிய இரோக்வா மக்களைச் சேர்ந்த சிறுமி, தன் குடும்பத்தைக் கொன்றவனின் வீட்டில் வளர்வதைத் தன் வாயாலேயே சொல்கிறாள். அந்த உரிமை ராடிசோனின் தாய்க்கும் கிடைக்க வேண்டும். தன் ஊர்க்காரர்களைக் கொன்ற பையனுக்காக அதே ஊராரிடம் அவள் என்ன சொல்லி வாதாடினாள் என்பதை ஒரு மொஹாக் எழுத்தாளர் எழுதி வாசிக்க ஆசைப்படுகிறேன்.