ஷாம்பு பாக்கெட்டை ரசிப்பது எப்படி?

எம்.பி.ஏ. படித்தவர்கள் எல்லோருக்கும் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டரைத் தெரியும். எதைச் செய்யப்போவதில்லை என்று முடிவெடுப்பதில்தான் ஒரு நிறுவனத்தின் வியூகம் இருக்கிறது என 1996-ல் அவர் எழுதினார். அந்தப் பாடத்தை உரசிப் பார்க்க மளிகைக் கடை வாசலில் சரம்சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளே போதும்.

முதலில் பார்க்க வேண்டியது விலை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எனப் பெரும்பாலும் ஒற்றை நாணயத்தில் முடியும். வழக்கமாகச் செலவைக் கூட்டி, அதன்மேல் லாபம் வைத்து விலை போடுவார்கள். இங்கே கணக்கு தலைகீழ். வாங்குபவர் கையில் என்ன நாணயம் இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் காசுக்கு எத்தனை மில்லி அடைப்பது என்பது அடுத்த கேள்வி. மூலப்பொருள் விலை ஏறினாலும் பாக்கெட் விலை அசையாது, அளவுதான் குறையும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இளைத்துக்கொண்டே வருவதும் இதனால்தான்.

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் பாக்கெட் வியாபாரத்தின் முன்னோடி. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொழில் தொடங்கி, தன் ஷாம்புவுக்குத் தந்தையின் பெயரிலிருந்தே 'சிக்' என்ற பெயரை எடுத்தார். இன்றைய கவின்கேர் நிறுவனத்தின் தொடக்கம் அது. பாட்டில் வாங்கும் நகரத்து வீடுகளைப் பெரிய நிறுவனங்களுக்கு விட்டுவிட்டு, சீயக்காயும் சோப்பும் தேய்த்துக் குளித்த கிராமங்களுக்கு அவர் போனார். ஊர்நடுவே ஒரு பையனின் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். பிறகு மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன.

அவர் செய்தவற்றில் நின்று ரசிக்க வேண்டியது காலி பாக்கெட் திட்டம். எந்த பிராண்டாக இருந்தாலும் சரி, ஐந்து காலி ஷாம்பு பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். அபாரமான யோசனை! காலி பாக்கெட்டோடு வருபவர் ஏற்கெனவே ஷாம்பு போடுகிறவர். அவருக்குப் பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டியதில்லை, பிராண்டை மாற்றினால் போதும். போட்டியாளர்கள் செலவு செய்து உருவாக்கிய வாடிக்கையாளர், தானே கடைக்கு நடந்து வருகிறார். கொஞ்ச காலம் கழித்து விதியை மாற்றினார்கள்: சிக் பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம். ஆளைச் சேர்ப்பது ஒரு வேலை, சேர்ந்தவரைத் தக்கவைப்பது வேறு வேலை என்று வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவதை இந்த ஒரு விதிமாற்றம் சொல்லிவிடுகிறது.

கோயம்புத்தூரில் பிறந்த சி.கே.பிரகலாத், ஏழைகளையும் வாடிக்கையாளர்களாக மதிக்கச் சொல்லும் புகழ்பெற்ற நூலை 2004-ல்தான் வெளியிட்டார். கடலூர் அதற்குப் பல ஆண்டுகள் முந்திக்கொண்டது.

இன்னொரு சோதனையும் உண்டு. பாட்டிலிலும் பாக்கெட்டிலும் ஒரு மில்லிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்க்கலாம். பல பிராண்டுகளில் பாக்கெட்தான் மலிவு. மொத்தமாக வாங்கினால் குறையும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. பாட்டில் வாங்கியவர் அது தீரும்வரை மாறமாட்டார்; பாக்கெட் வாங்குபவரோ நாளைக்கே பக்கத்துச் சரத்தைக் கிழித்துத் தரச் சொல்லலாம். ஆகவே போட்டியெல்லாம் சரத்தில்தான்.

இதே கண்ணோடு சலவைத்தூள் பக்கம் திரும்பினால் நிர்மா தெரியும். அகமதாபாத்தில் 1969-ல் கர்சன்பாய் படேல் சைக்கிளில் வீடு வீடாக விற்ற தூள் அது. இந்துஸ்தான் லீவரின் சர்ஃப் தூளை வாங்க வசதியில்லாத வீடுகளை அது பிடித்துக்கொள்ள, அந்த நிறுவனம் பல ஆண்டுகள் கழித்தே வீல் தூளைக் களமிறக்கியது.

ரசிக்கும்போது குப்பைத் தொட்டியையும் எட்டிப் பார்க்க வேண்டும். பல அடுக்குகள் ஒட்டிய ஷாம்பு பாக்கெட் உறையை மறுசுழற்சி செய்வது கடினம்; குப்பை பொறுக்கி விற்பவர்களும் அதைத் தொடுவதில்லை. ஒரு ரூபாய் விலைக்குள் அடங்காத இந்தச் செலவு, சாக்கடையைத் தூர்வாரும் ஊராட்சியின் தலையில் விழுகிறது.