மலையூர் மின்கா: கட்டுவோரும் காப்போரும்

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், கெச்சுவா மொழி பேசும் பழங்குடி ஊர்களில் பள்ளியோ சமுதாயக்கூடமோ எழும்போது அதற்கான உழைப்பு பெரும்பாலும் கூலிக்கு வாங்கப்படுவதில்லை. வீட்டுக்கு ஒருவராக ஊரே திரண்டு செய்கிறது. பொதுவேலைக்கான இம்முறை மின்கா எனப்படும். குடும்பத்துக்குக் குடும்பம் வேலையைத் திருப்பிச் செய்துகொடுக்கும் அய்னி இதனின் வேறானது.

மின்காவின் முதன்மையான வலிமை, கட்டுமான அறிவு ஊரைவிட்டு வெளியே போகாமல் இருப்பதுதான். மண்ணில் நீர்விட்டு, இச்சு என்னும் மலைப்புல்லை நறுக்கிக் கலந்து, காலால் மிதித்து, அச்சில் வார்த்து வெயிலில் உலர்த்தும் சுடாத மண்கல்லைச் செய்யத் தெரிந்தவர்களே, சுவரில் விரிசல் விழும்போது அதைப் பூசவும் அறிவார்கள். 1963-இல் குடியரசுத் தலைவர் பெர்னாண்டோ பெலாவுண்டே தொடங்கிய 'மக்கள் கூட்டுறவு' என்னும் அரசுத் திட்டம் இவ்வலிமையையே நம்பியது: கருவிகளும் தொழில்நுட்ப உதவியும் அரசுடையவை, உழைப்பு ஊருடையது, விடுமுறையில் வரும் பல்கலைக்கழக மாணவர்கள் துணை. ஆனால் அந்நாட்டில் கோடை விடுமுறை சனவரி முதல் மார்ச்சு வரை. மலையிலோ அதுவே மழைக்காலம். மண்கல் உலராத, வயலை விட்டு உழவர் நகர முடியாத அந்த மாதங்களில் வந்து இறங்கும் தொண்டர்களின் ஆர்வம் எத்துணை மெய்யானதாயினும், வேலையின் நாள்காட்டியை வருவோர் வசதி தீர்மானிப்பது இம்முறையின் அடிப்படைக்கே முரணாகும்.

மின்காவைத் 'தன்னார்வம்' என்று சொல்வதையும் அப்படியே ஏற்பதற்கில்லை. 1920-ஆம் ஆண்டின் சாலைப்பணிச் சட்டம் 18 முதல் 60 வயதுவரையுள்ள ஆண்களை ஆண்டுக்கு 6 முதல் 12 நாள் சாலை வேலைக்கு இழுத்தது. பணம் கட்டியவர்கள் விலகிக்கொள்ள, சுமை பழங்குடியினர் தோளில் விழுந்தது. 1930-இல் அது ஒழிந்தது. இன்றைய மின்காவிலும் பெயர் கூப்பிட்டு வருகை குறிப்பதும் வராதவருக்குத் தண்டம் விதிப்பதும் வழக்கமே. தண்டமில்லாவிடில் உழைக்காதவரும் பயன்பெறுவர் என்பது நியாயமான வாதம். எனினும் கணவன் சுரங்க வேலைக்குப் போன வீட்டுக்கும் ஆளும் பேருமாக உள்ள வீட்டுக்கும் ஒரே தண்டம் என்பது சமன்போலத் தோன்றும் ஏற்றத்தாழ்வு. தலைநகர் லிமாவின் வசதியான பகுதிகளில் பள்ளிக்காக எந்தப் பெற்றோரும் மண் மிதிப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும்.

கூட்டுழைப்பு பொறியியலுக்கு மாற்றும் அன்று. 1970 மே 31 அன்று அன்காஷ் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டனர். வலுவூட்டப்படாத மண்கல் வீடுகள் பெருந்தொகையாகச் சரிந்தன. மண்சுவருக்குள் நாணல் கழிகளைப் பொதிந்து வலுவூட்டும் முறையைப் பெருவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் பின்னர் ஆய்ந்து வளர்த்தனர். அதைக் கற்பிப்பதைவிடச் சிமென்டும் தகரமும் கொண்டுவருவது எளிது. ஆலங்கட்டி மழையில் பேச்சே கேட்காத, இரவில் குளிரைத் தடுக்காத தகரக் கூரைகள் அவ்வெளிமையின் விளைவு.

அப்பூரிமாக் ஆற்றின்மேல் உள்ள கெஸ்வாசாக்கா புல்கயிற்றுப் பாலத்தை நான்கு ஊரார் ஆண்டுதோறும் புதிதாகப் பின்னுகிறார்கள். பெருந்தொற்றால் 2020-இல் அது தவறியது. 2021 மார்ச்சில் பாலம் அறுந்தது. சூனில் மீண்டும் கட்டப்பட்டது. அங்கே பழுதுபார்ப்பே மின்கா. வெளியுதவியால் எழும் சமுதாயக்கூடத்திலோ மின்கா திறப்பு விழாவோடு முடிந்துவிடுகிறது. துருப்பிடித்த தகரத்தை மாற்றும் செலவு யாருடையது என்பது கட்டத் தொடங்கும் முன்பே ஊர்க்கூட்டத்தில் முடிவாக வேண்டிய கேள்வி.