லூ யூவின் உப்பு

நமக்குக் கிடைக்கும் தேநீர் நூல்களில் மிகப் பழையது, சீனத்தில் எட்டாம் நூற்றாண்டில் லூ யூ எழுதிய 'சா ஜிங்'. பத்தே அத்தியாயங்கள். செய்முறை நூல் என்று கையில் எடுத்தால், நாம் படிப்பது ஒரு விமரிசகரை என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

அந்நாளில் வெங்காயத்தாள், இஞ்சி, ஆரஞ்சுத் தோல், புதினா எல்லாம் போட்டுத் தேயிலையைக் கொதிக்க வைத்தார்கள். சாக்கடை நீருக்குச் சமம் என்று அதை ஒதுக்குகிறார் லூ யூ. இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கும் நமக்குச் சுருக்கென்கிறது. ஆனாலும் அவர் கட்சி நியாயமானது: இலைக்கு இலையின் ருசி போதும்.

ஆனால் அவரே முதல் கொதியில் உப்புப் போடச் சொல்கிறார்! பிறர் பழக்கம் கலப்படமாகத் தெரிந்தது. தம் பழக்கம் தெரியவில்லை. எந்த விமரிசகருக்கும் நேரக்கூடியதுதான்.

காலம் அந்த உப்பையும் எடுத்துவிட்டது. இலையை ஆவியில் வேகவைத்து, இடித்து அச்சில் வார்த்த அவர் காலத்துக் கட்டிகளும் வழக்கொழிந்தன. 1391இல் மிங் சக்கரவர்த்தி உதிரி இலையையே திறையாகக் கேட்டார். இன்று ஹாங்ஜோவின் லுங்ஜிங் பசுந்தேயிலையை வாணலியில் வறுத்தெடுக்கிறார்கள். கொதி அடங்கிச் சுமார் 80 டிகிரிக்கு வந்த வெந்நீரில் ஊறவிட்டு, ஒன்றும் சேர்க்காமல் குடிக்கிறார்கள்.

விதிகள் போனபின் நூலில் என்ன மிச்சம்? மீன்கண் போன்ற குமிழிகள், ஓரத்தில் முத்துச்சரம், பிறகு புரளும் அலை என்று மூன்று கொதிகளையும் பிரித்துப் பார்த்த கண் மிச்சம். பசுந்தேயிலை இன்றும் அதைத்தான் கேட்கிறது. தண்ணீரைக் கவனியாமல் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசந்துவிடும்.