பாடலாகிவிட்ட மௌனம்

இறைவனைப் புகழ இசை எதற்கு என்று கேட்ட கிறிஸ்தவர்களும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் போதனையால் உருவான குவேக்கர் சபையினரே அவர்கள். குருவும் பீடமும் இசையும் இன்றி மௌனமாகக் கூடுவார்கள். தூய ஆவியார் தூண்டினால் ஒருவர் எழுந்து பேசுவார். இசைக் கலைஞரான சாலமன் எக்கிள்ஸ் அச்சபையில் சேர்ந்தபின் தம் இசைக்கருவிகளை விற்றார். விற்றதும் மனச்சான்றை உறுத்தவே, அவற்றைத் திரும்ப வாங்கி லண்டனில் தீயிட்டார்.

இதைப் பித்து என்று ஒதுக்கிவிடலாகாது. அச்சபையின் இறையியலாளர் ராபர்ட் பார்க்லே 1676இல் வெளியிட்ட நூலில் காரணம் கூறுகிறார்: தாவீதின் மனத்துயர் இல்லாதவர் தாவீதின் கண்ணீரைப் பாடினால் அது பொய்யாகும். ஆவியாரின் உந்துதலால் எழும் பாடலை அவர் மறுக்கவில்லை.

இந்த அச்சத்தின் இலக்கிய வடிவமே அமெரிக்கக் குவேக்கர் கவிஞர் ஜான் கிரீன்லீஃப் விட்டியர் 1872இல் வெளியிட்ட, சோமபானம் காய்ச்சுவதைப் பற்றிய கவிதை. வேதகாலக் குருக்கள் அப்பானத்தின் மயக்கத்தை இறையனுபவமாகக் கொண்டனர் என்கிறார்; கிறிஸ்தவர்களும் இசையாலும் தூபத்தாலும் அதே மயக்கத்தைத் தேடுவதாக இடித்துரைக்கிறார். இறுதியில் கவிதை, மன்னிப்பையும் அமைதியையும் வேண்டும் மன்றாட்டாகக் கனிகிறது. வேத வேள்வியை ஏட்டின் வழியே அறிந்தவர் அதை வெறும் போதையாகக் கண்டது இக்கவிதையின் குறை. எனினும், தம் சமயத்தாரையும் அதே தராசில் நிறுத்தியது அவரது நேர்மை.

பின்பு நிகழ்ந்ததே விந்தை. 1884இல் அந்த மன்றாட்டு மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு ஆங்கிலப் பாடல் நூலொன்றில் இடம்பெற்றது. ஹியூபர்ட் பாரி 1888இல் தம் 'யூதித்து' இசைப்படைப்புக்காக அமைத்த மெட்டு, 1924இல் அதனுடன் இணைந்தது. வழிபாட்டு இசையைக் கண்டித்த கவிதை ஆர்கன் முழங்கப் பாடப்படலாயிற்று!

இதில் இழப்பு உண்டு. முழுக் கவிதையில் விட்டியர் மன்னிப்பு வேண்டுவது வழிபாட்டில் நாம் செய்யும் மிகைக்காக. பாடுவோரோ அதைப் பொதுவான பாவமன்னிப்பாகவே கொள்வர். கண்டனம் போய், இனிமை நின்றுவிட்டது. ஆயினும் அம்மெட்டு இல்லையேல், அம்மன்றாட்டு இத்தனை உதடுகளைச் சேர்ந்திருக்குமா?

பார்க்லே காணத் தவறியது இதுவே. உள்ளத்தில் இருப்பதை மட்டுமா பாடுகிறோம்? இன்னும் இல்லாததற்கு ஏங்கியும் பாடுகிறோம். அந்த ஏக்கம் பொய்யன்று. உலகில் குவேக்கர் மிகுந்து வாழும் கென்யாவில் அச்சபையார் உரக்கப் பாடியே வழிபடுகின்றனர். ஆனால், பொருளைவிட இராகமே தம்மை உருக்கியபோது அதைக் குற்றமென்று அறிக்கையிட்டார் புனித அகுஸ்தினார். குவேக்கர் மௌனம் நம்மிடம் கேட்பதும் அந்த ஆய்வையே: பாடி முடித்தபின் நம்முள் எஞ்சுவது இராகமா, மன்றாட்டா?