உளி நடந்த வழி

கண்டியிலிருந்து கம்பளை பஸ்ஸில் வந்து கெலிஓயாவில் இறங்கினால், மேற்கே உடுநுவரக் குன்றுகள். தவுலகல பக்கம் பிரியும் பாதையை நடந்துதான் பார்க்க வேண்டும். பலாமரத்தைப் பற்றி மிளகுக்கொடி ஏறியிருக்கும். அதன் நிழலில் கோப்பி, கராம்பு, சாதிக்காய். ஒரு வீட்டுத் தோட்டமே சிறு காடாக நிற்கும். அது விலகும் இடத்தில் வயல் படிப்படியாகப் பள்ளத்துக்கு இறங்கும்.

இந்த மலைமடிப்புக்குள் கம்பளை அரசர் காலத்துக் கோயில்கள் மூன்று இருக்கின்றன. கடலாதெனிய கல், லங்காதிலக செங்கல், எம்பெக்க மரம். மூன்றும் 14ஆம் நூற்றாண்டின் உழைப்பு. கால் சோராதவருக்கு ஒரு பகல் போதும்.

எம்பெக்க, கதிர்காமத் தெய்வத்தின் தேவாலயம். அதன் மேள மண்டபத்தில் ஒரு தூணைத் தேர்ந்துகொண்டு அதன் முன்னே நின்றுவிடுங்கள். சதுரக் கட்டத்துக்குள் இரண்டு அன்னங்கள் கழுத்தோடு கழுத்தைப் பின்னியிருக்கின்றன. எந்தத் தலை எந்த உடலுக்கு என்று கண் ஒருமுறை சுற்றிவந்தால்தான் பிடிபடும். இன்னொரு தூணில் தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். மற்றொன்றில் இரு மல்லர் கட்டிப் புரள்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், கூரைக் கோடியில் 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து கூடுகின்றன. பாரம் தாங்கும் இடத்திலும் அந்தத் தச்சருக்கு அழகு தப்பவில்லை.

அங்கிருந்து வயல்வெளியும் மேட்டுப் பாதையுமாக நடந்தால் லங்காதிலக. பன்ஹல்கல என்ற பாறையின் முதுகில் வெள்ளை வெளேரென்று எழும்பி நிற்கிறது. நான்காம் புவனேகபாகு காலத்தில், 1344இல் எழுந்த விகாரை. உள்ளே புத்தர், அவரைச் சுற்றியுள்ள தெய்வச் சன்னிதிகளில் பிள்ளையாரும் கந்தகுமாரனும் உண்டு. கட்டிய ஸ்தபதிராயரும், கடலாதெனியவைக் கட்டிய கணேஸ்வராசாரியும் தென்னிந்தியச் சிற்பிகள்.

கோயிலைப் பார்த்த கண்ணோடு திரும்பிவிடாதீர்கள். காலடிப் பாறையில் மன்னன் காலத்துச் சாசனம் சிங்களத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அதே செய்தி தமிழிலும் இருக்கிறது. காணி, நிவந்தம் பற்றிய கணக்குத்தான். ஆனாலும் குனிந்து பார்க்கையில், பழைய வரிவடிவத்துக்குள்ளிருந்து பழகிய எழுத்து ஒன்று தலைகாட்டும்போது மனம் நெகிழ்ந்துவிடுகிறது. இந்தக் குன்றுக்கு நமக்கு முன்பே நம் மொழி நடந்து வந்திருக்கிறது. பாறையில் அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள்.