நூற்பட்டியலும் ஓதும் நாவும்

வேப்பம்பட்டில் அன்பர் சிலர் கூடியிருந்தபோது ஒரு வினா எழுந்தது. பேரழிவு நேர்ந்து, நாகரிகத்தை அடியிலிருந்து மீண்டும் கட்டவேண்டி வந்தால் எந்நூல்களைக் காப்பது? திருமறையை அனைவரும் சொன்னார்கள். பின்னர் சீறாப்புராணம், திருக்குறள், மருத்துவ நூல் எனப் பட்டியல் நீண்டது. கும்மிடிப்பூண்டியில் கடைசல் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் மட்டும், “வரைபடம் கையில் இருந்தாலும் பழகாதவன் மரை வெட்ட முடியாதே!” என்றார். அப்பட்டியலின் குறை அச்சொல்லில் வெளிப்பட்டது. நூல்களை எண்ணினோம், அவற்றைப் படித்துக்காட்ட வல்லாரை எண்ணவில்லை.

இது கற்பனைக் குறையன்று. நம் இல்லங்களிலேயே நிகழ்ந்தது. அரபியில் இல்லாத ட, ப, ங, ழ முதலிய ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்து, அரபெழுத்தில் தமிழை எழுதினர் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்கச் சட்டங்களைப் ‘பத்ஹுத் தய்யான்’ என்னும் நூலாக அவ்வெழுத்தில் யாத்தார். தமிழெழுத்து அறியாத பெண்மக்களும் அரபுத்தமிழை ஓதி மார்க்கம் அறிந்தனர். இன்றோ, பாட்டியின் கிதாபைப் பேத்தி அரபு நூலென்றெண்ணி, முத்தமிட்டு, மீண்டும் அலமாரியில் வைத்துவிடுகிறாள். தீயும் வெள்ளமும் தீண்டாத நூல் நம் கண்முன்னே ஊமையாயிற்று.

மறுபுறம், ‘பல்சந்தமாலை’ என்னும் பழைய இஸ்லாமியத் தமிழ்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. களவியற் காரிகையின் உரைகாரர் மேற்கோளாக எடுத்தாண்ட சில பாடல்களே எஞ்சின. கற்றார் ஒருவர் பயன்படுத்திய அளவுக்கே அந்நூல் பிழைத்தது.

நாவும் அழியக்கூடியதன்றோ எனலாம். உண்மையே. யமாமாப் போரில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதான பின்னரே, அபூபக்ர் (ரலி) காலத்தில் திருமறை ஒரே தொகுப்பாக எழுதப்பட்டது. எனினும் அப்பணியை ஏற்ற ஸைத் இப்னு ஸாபித் (ரலி) ஓலையையும் எலும்பையும் மட்டும் நம்பாமல், மனனம் செய்தோரின் நெஞ்சங்களையும் நாடினார். ஏட்டுக்கு நாவும் நாவுக்கு ஏடும் சாட்சியாயின.

பத்ருப் போரில் (கி.பி. 624) சிறைப்பட்டோருள் மீட்புப்பொருள் தர இயலாத எழுத்தறிந்தோர், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர் என்பது வரலாறு. வறுமையில் வாடிய ஒரு சமுதாயம், பொன்னுக்கு ஈடாகக் கல்வியை ஏற்றது.

ஆகவே பட்டியலின் முதல் வரியில் நூலின் பெயர் வேண்டா; கற்பிப்பவரின் பெயரை எழுதுங்கள். அரபுத்தமிழ் ஓத அறிந்த மூதாட்டி உங்கள் வீட்டில் இருப்பாராயின், இன்று மஃரிபுக்குப் பின் அந்தக் கிதாபை எடுத்து, ஒரு பிள்ளையை அவரருகே அமர்த்துங்கள்.