எழுதிய தலை, எழுதப்படாத கை

மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸைப் பற்றி மூன்று பேர் மூன்று கதைகள் சொல்லியிருக்கிறார்கள். முதலாமவர் ஹெரோடோட்டஸ். மன்னன் குரோசஸின் படை ஹாலிஸ் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றபோது, தேலீஸ் வாய்க்கால் வெட்டவைத்து ஆற்றை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார் என்று கிரேக்கர்கள் பேசிக்கொண்டதை அவர் பதிவுசெய்கிறார். தனக்கு அதில் நம்பிக்கையில்லை, படை ஏற்கெனவே இருந்த பாலத்தில்தான் போயிருக்கும் என்றும் கையோடு சொல்லிவிடுகிறார். இரண்டாமவர் பிளேட்டோ. வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்த தேலீஸ் கிணற்றில் விழுந்தாராம். அதைப் பார்த்து திரேஸ் நாட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி சிரித்தாளாம். ‘காலடியில என்ன இருக்குன்னு தெரியல, வானத்துல இருக்கறது தெரியணுமாம்’ என்பதுதான் அவள் கிண்டலின் சாரம். மூன்றாமவர் அரிஸ்டாட்டில். வரும் வருடம் ஆலிவ் அமோகமாக விளையும் என்று கணித்த தேலீஸ், குளிர்காலத்திலேயே மிலேட்டஸிலும் கியோஸிலும் இருந்த செக்குகளையெல்லாம் குறைந்த முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்துக்கொண்டார். அறுவடையின்போது தன் விலைக்கு வாடகைக்கு விட்டுக் காசு பார்த்தார். தத்துவவாதி நினைத்தால் சம்பாதிக்க முடியும், அவனுக்கு அதில் நாட்டமில்லை, அவ்வளவுதான் என்று காட்டுவதற்காக அப்படிச் செய்தார் என்கிறது அந்தக் கதை.

மூன்றில் எது நடந்தது என்பது என் கவலையில்லை. ஹெரோடோட்டஸின் காலத்தில் ஆற்றைத் திருப்பும் பொறியாளராகப் பேசப்பட்ட ஆள், நூறு வருடம்கூட ஆகாத இடைவெளியில், பிளேட்டோவிடம் காலடி தெரியாத கனவுக்காரராகிவிடுகிறார். அரிஸ்டாட்டிலோ அவர் சம்பாதித்ததற்கே ஒரு சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவாளி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நடுவில் எங்கோ மாறியிருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு ஒரு சமூகக் காரணம் உண்டு என்று அழுத்திச் சொன்ன நூல் பெஞ்சமின் ஃபாரிங்டனின் ‘கிரேக்க அறிவியல்’. அயர்லாந்தின் கார்க் நகரத்துக்காரர், மார்க்சியச் சார்புள்ளவர், வேல்ஸின் ஸ்வான்ஸீயில் செவ்வியல் பேராசிரியராக இருந்தவர். நூலின் முதல் பாகம் 1944இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மலிவு விலைப் பெலிகன் பதிப்பாக வந்தது. இரண்டாம் பாகம் 1949இல் வந்தது. ‘நமக்கு அதன் பொருள் என்ன’ என்பது துணைத்தலைப்பு. கிரேக்கச் சிந்தனையை மேகத்திலிருந்து பட்டறைக்கு இறக்கிக் கொண்டுவந்த நூல் என்பதால் எனக்கு இது மிகப் பிடித்த நூல்களில் ஒன்று. அதன் மையமான வாதத்தோடு எனக்குச் சண்டையும் உண்டு.

முதலில் அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிடலாம்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அயோனியக் கடற்கரையில் இயற்கைத் தத்துவம் பிறந்தபோது, சிந்தனைக்கான மாதிரிகள் கைத்தொழிலிலிருந்து வந்தன என்கிறார் ஃபாரிங்டன். அனாக்ஸிமெனிஸை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் காற்றிலிருந்து வந்தது என்றவர் அவர். காற்று எப்படி மேகமாகும்? கம்பளி மயிரை நனைத்து அழுத்தி அழுத்தித் தடித்த துணியாகத் திரட்டுவார்கள் இல்லையா, அதே மாதிரி காற்றும் நெருக்கப்பட்டுத் திரள்கிறது என்றார். அவர் பயன்படுத்திய சொல்லே அந்தத் தொழிலின் சொல். எம்பெடோக்ளிஸ் மூச்சை விளக்க எடுத்துக்கொண்டது கிளெப்சிட்ரா என்ற வீட்டுப் பாத்திரத்தை. மேலே ஒடுங்கிய வாய், அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீரில் அமுக்கினால் தண்ணீர் உள்ளே ஏறாது. விரலை எடுத்தால் ஏறும். கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கும் இடத்தை அடைக்கும் உடம்பு உண்டு என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் வேண்டுமா? அவருடைய பாட்டில் அந்தப் பாத்திரத்தை வைத்து விளையாடுவது ஒரு சிறுமி.

பிறகு அடிமைமுறை வேரூன்ற வேரூன்ற, செய்பவர் ஒரு பக்கமும் சிந்திப்பவர் மறுபக்கமுமாகப் பிரிந்தார்கள் என்பது ஃபாரிங்டனின் வாதம். அவருக்குச் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. கைத்தொழில்கள் உடம்பையும் மனதையும் கெடுப்பவை, அவற்றுக்கு நகரங்களில் மதிப்பில்லாதது நியாயம்தான் என்று செனொஃபோன் எழுதியிருக்கிறார். வானியல் படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை ஓரமாக விட்டுவிட்டுக் கணக்காக அதைப் படிக்க வேண்டும் என்கிறது பிளேட்டோவின் ‘குடியரசு’. பட்டறையிலிருந்து துண்டிக்கப்பட்ட அறிவியல் சொற்களின் விளையாட்டாக வற்றிப்போனது என்று ஃபாரிங்டன் முடிக்கிறார்.

படிக்கும்போது, ‘ஆமாம், இதுதானே நடந்திருக்கும்’ என்று தலையாட்டத் தோன்றும். அங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இந்தச் சாட்சிகள் அத்தனை பேரும் எழுதியவர்கள். கையைப் பற்றித் தலை என்ன நினைத்தது என்பதை அவர்களிடமிருந்து தெரிந்துகொள்ளலாம். கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவர்களிடம் கேட்டு என்ன பயன்?

அரிஸ்டாட்டிலிடமே தொடங்கலாம். விலங்குகளைப் பற்றி அவர் எழுதியவற்றில் மீனவர்களும் தேனீ வளர்ப்பவர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். லெஸ்போஸ் தீவின் பிர்ரா காயலில் என்னென்ன கிடைக்கும், கிடைக்காது என்பதெல்லாம் அங்கே வலை வீசுகிறவர்களிடம் கேட்காமல் தெரிந்திருக்க முடியாத செய்திகள். ஒருவகைச் சிறிய சுறாவில் குட்டி தாயின் கருப்பையோடு நச்சுக்கொடி போன்ற ஒன்றால் இணைந்திருக்கும் என்று அவர் எழுதினார். ஜெர்மானிய உடலியலாளர் யோஹன்னஸ் முல்லர் 1842இல் அதைச் சரி என்று காட்டினார். அற்பமான உயிர்களை ஆராய முகம் சுளிக்காதீர்கள் என்று சொல்ல வரும்போது அரிஸ்டாட்டில் ஒரு கதை சொல்கிறார். ஹெராக்ளிடஸைப் பார்க்க வந்தவர்கள், அவர் அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டிருந்ததைக் கண்டு வாசலிலேயே தயங்கினார்களாம். ‘சும்மா உள்ள வாங்க, தெய்வம் இங்கயும் இருக்கு’ என்கிற மாதிரி அழைத்தாராம் அவர். அடிமைமுறை இயற்கையானது என்று வாதிட்ட அதே மனிதர்தான் இதையும் எழுதினார். தலையும் கையும் முழுசாகத் துண்டிக்கப்பட்டன என்ற சித்திரத்துக்குள் இந்த அரிஸ்டாட்டில் அடங்க மாட்டார்.

அடுத்தது ஆர்க்கிமிடிஸ். அறிஞர்கள் கைத்தொழிலை வெறுத்தார்கள் என்பதற்கு வழக்கமாகக் காட்டப்படும் பெரிய சாட்சி இவருடைய வாழ்க்கைதான். சிராகூஸைக் காத்த அத்தனை இயந்திரங்களையும் செய்தவர், அவற்றைக் கீழானவை என்று கருதி அவை பற்றி எதுவும் எழுதிவைக்க மறுத்தார் என்கிறார் புளுடார்க். இந்தப் புளுடார்க் யார்? ஆர்க்கிமிடிஸ் கொல்லப்பட்டது கி.மு. 212இல். புளுடார்க் அவருக்குச் சுமார் 300 வருடம் பிந்தியவர், அதோடு தீவிரமான பிளேட்டோவாதி. வடிவியலில் கருவிகளைக் கொண்டுவந்தவர்கள்மேல் பிளேட்டோ கோபப்பட்டார் என்ற கதையையும் அதே இடத்தில்தான் சொல்கிறார். தன் குருவின் அச்சில் ஆர்க்கிமிடிஸை வார்த்து எடுக்கிறார். வாழ்க்கை வரலாறு என்ற வடிவத்துக்கே உள்ள ஆபத்து இது.

1906இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார் டென்மார்க்கின் யோஹான் ஹைபெர்க். 13ஆம் நூற்றாண்டில் பழைய தோலேட்டைச் சுரண்டிவிட்டு மேலே ஜெபங்களை எழுதியிருந்தார்கள். ஜெபங்களுக்கு அடியில், 10ஆம் நூற்றாண்டில் பிரதி எடுக்கப்பட்ட ஆர்க்கிமிடிஸ் இருந்தார். (1998இல் அந்த ஏடு சுமார் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது தனிக்கதை.) அதில் கிடைத்தவற்றில் ஒன்று, அலெக்சாந்திரியாவின் எரடோஸ்தெனிஸுக்கு அவர் எழுதிய ‘முறை’. கோளத்தின் கன அளவு போன்ற தன் கண்டுபிடிப்புகளுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். வடிவங்களை மெல்லிய சீவல்களாக்கி, தராசுக் கோலில் மாட்டி, எது எதோடு சமனாகிறது என்று மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாராம். இயந்திரவியல் வழியில் முதலில் கண்டுபிடித்துக்கொள்கிறேன், பிறகு வடிவியலால் நிரூபிக்கிறேன் என்கிறார். கடைக்காரரின் தராசு, உலகின் மிகத் தூய கணிதத்தின் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கிறது. புளுடார்க்கின் ஆர்க்கிமிடிஸும் இந்தக் கடிதத்தின் ஆர்க்கிமிடிஸும் ஒரே ஆளாக எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது சாட்சி பேசாது. 1901இல் ஆண்டிகிதேரா தீவருகே, மூழ்கிய கப்பலிலிருந்து சிமி தீவின் கடற்பஞ்சு எடுப்பவர்கள் மேலே கொண்டுவந்த பொருட்களில் பச்சை பிடித்த ஒரு வெண்கலக் கட்டியும் இருந்தது. அதில் இன்று 30 பற்சக்கரங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. பெரிய சக்கரங்களில் ஒன்றுக்கு 223 பற்கள், ஏனென்றால் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை கிரகணங்கள் அதே வரிசையில் திரும்பும். நிலா வானில் ஒரே வேகத்தில் போவதில்லை என்பதைக்கூட, ஒரு சக்கரத்தின் ஊசியை இன்னொன்றின் பிளவுக்குள் ஓடவிட்டுக் காட்டியிருக்கிறார்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி இரண்டு நூற்றாண்டுகளில் எப்போதோ செய்யப்பட்டது. டெரெக் பிரைஸ் இதைப் பற்றி விரிவாக எழுதத் தொடங்கியது 1959இல், ஊடுகதிர்ப் படங்களால் உள்ளமைப்பு தெளிவானது 2006இல். ஆகவே ஃபாரிங்டனை இதற்காகக் குறைசொல்ல முடியாது. ஆனால் வானியல் கணக்கும் அரமும் ஒரே மேஜையில் சந்தித்துக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. செய்தவர் யார்? பெயர் இல்லை.

அந்தப் பெயரின்மையில்தான் ஃபாரிங்டன் சொன்னதன் உண்மை வேறு உருவத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இளக்காரம், செய்வதை நிறுத்திவிடவில்லை, எழுதுவதைத்தான் நிறுத்தியது. எழுதப்படாத அறிவு குருவின் கையிலிருந்து சீடனின் கைக்குத்தான் போகும். பட்டறை மூடினால் அதோடு அதுவும் போய்விடும். ஆண்டிகிதேரா அளவுக்குச் சிக்கலான பற்சக்கர இயந்திரத்தை ஐரோப்பாவில் மறுபடி பார்க்க 14ஆம் நூற்றாண்டுக் கடிகாரங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘கைத்தொழில் நூல்களே இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கின்றன. பைசாந்தியத்துப் ஃபிலோ கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கவண் பொறிகளைப் பற்றி எழுதினார். எறியும் கல்லின் எடைக்கேற்ப, முறுக்குக் கயிறு நுழையும் துளை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதற்குக் கனமூலம் வரும் ஒரு சூத்திரமே தருகிறார். வேண்டுமென்றே அளவை மாற்றி மாற்றிச் சோதித்து அலெக்சாந்திரியக் கைவினைஞர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள் என்கிறார். புகழாசை கொண்ட அரசர்கள் பணம் கொடுத்ததால் இது முடிந்தது என்றும் சொல்கிறார். ஆக, எந்தக் கை எழுத்தில் ஏற வேண்டும் என்பதைத் தத்துவம் மட்டும் தீர்மானிக்கவில்லை, கருவூலமும் தீர்மானித்தது. கல் எறியும் கைக்கு ஏடு கிடைத்தது.

ஃபாரிங்டனோடு எனக்குள்ள கடைசிச் சண்டை இன்னும் முக்கியமானது. அடிமைமுறை இருந்ததால் இயந்திரம் வளரவில்லை என்ற எண்ணம் அவரைப் போன்றவர்களின் வாதத்துக்கு அடியில் ஓடுகிறது. அதைத் திருப்பிப் போட்டால் ஒரு நம்பிக்கை கிடைக்கும்: இயந்திரம் வந்தால் அடிமைத்தனம் போய்விடும். அரிஸ்டாட்டிலே ‘அரசியல்’ நூலில் இதைக் கற்பனை செய்து பார்த்திருக்கிறார். தறியின் நாடா தானாகவே ஓடி நெய்யுமானால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்கிறார். தண்ணீரால் சுழலும் மாவாலை வந்தபோது, இனி வேலைக்காரப் பெண்கள் விடியும்வரை தூங்கலாம் என்று தெஸலோனிகாவின் ஆன்டிபாட்டர் பாட்டே எழுதினார். அழகான பாட்டு.

ஆனால் டியோடரஸைப் படியுங்கள். ஸ்பெயினின் சுரங்கங்களை விவரிக்கிறார். நிலத்தடி நீரை இறைக்க ஆர்க்கிமிடிஸ் கண்டுபிடித்த திருகு அங்கே பயன்பட்டதைச் சொல்லி, இவ்வளவு சின்னக் கருவி இவ்வளவு தண்ணீரை மேலேற்றுகிறதே என்று வியக்கிறார். அந்த வியப்பின் ஈரம் காய்வதற்குள் அடுத்த பகுதி வருகிறது. அதே சுரங்கங்களில் அடிமைகள் இரவும் பகலும் வேலை வாங்கப்பட்டுச் சாகிறார்கள், உயிரோடு இருப்பதைவிடச் சாவதே மேல் என்று ஏங்குகிறார்கள் என்று எழுதுகிறார். திருகு அவர்களை விடுவிக்கவில்லை. முன்பு தண்ணீர் தடுத்த ஆழத்துக்கு அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கருவி நல்ல கருவிதான், கணிதமும் அற்புதம்தான். சுரங்கம் யாருடையது என்பது மட்டும் மாறவில்லை.

எனவே ஃபாரிங்டனைப் படிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கட்டாயம் படியுங்கள். ‘இதை யோசித்தது யார்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு துறையில், ‘அப்போது வேலை செய்துகொண்டிருந்தது யார்?’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, அவருடைய பதிலை அங்கேயே விட்டுவிடலாம். நாளைக்கு ஒருவர் வந்து, புதுக் கருவி ஒன்று மனிதர்களை உழைப்பிலிருந்து விடுவிக்கப் போகிறது என்று மேடையில் சொன்னால், அவரிடம் கேட்பதற்கு டியோடரஸின் அந்த இரண்டு பக்கங்கள் போதும்: கருவி சரி, சுரங்கம் யாருடையது?